ஊரைக் காலி செய்தது கொள்ளைநோயா, கம்பளியா?

இங்கிலாந்தில் இடைக்காலத்தில் ஆளொழிந்துபோன கிராமங்கள் 3,000-க்கும் மேல். ஏன் ஒழிந்தன என்று கேட்டால், 1348-49-ல் பரவிய ‘கறுப்புச் சாவு’ என்ற கொள்ளைநோயைத்தான் பலரும் சட்டென்று கைகாட்டுவார்கள். யார்க்‌ஷயரில் உள்ள வாரம் பெர்சி என்ற கிராமம் அந்தப் பதிலைப் பொய்யாக்குகிறது. கூரையிழந்த தேவாலயமும், புல்லுக்கடியில் வீட்டு மனைகளின் மேடுகளும் எஞ்சிய இந்த ஊரில், பொருளாதார வரலாற்றாசிரியர் மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்டும் 1990 வரை நாற்பது ஆண்டுகள் கோடைதோறும் அகழாய்வு நடத்தினார்கள். கொள்ளைநோய்க்குப் பின்னும் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு அங்கே குடித்தனம் நடந்திருக்கிறது. 1500-ஐ ஒட்டித்தான் எஞ்சியிருந்த சில குடும்பங்களை நில உடைமையாளர் வெளியேற்றினார். வீடுகளை இடித்து, ஊரை ஆட்டு மேய்ச்சலுக்கு விட்டார்.

நோயால் ஆள் குறைந்ததுதானே எல்லாவற்றுக்கும் மூலம் என்று வாதிடலாம். அதில் உண்மை உண்டு. சாப்பிடும் வாய்கள் குறைந்ததால் தானியத்தின் தேவை சரிந்தது, கூலி ஏறியது. உழவுக்குப் பல கைகள் வேண்டும், மந்தைக்கு ஓர் இடையன் போதும். கம்பளிக்கோ நல்ல சந்தை இருந்தது. ஆனால், நோய் கண்ட எத்தனையோ ஊர்கள் இன்றும் இருக்கின்றன. ஊரைக் கலைப்பதை லாபகரமாக்கியதுதான் நோயின் பங்கு. கலைப்பது என்ற முடிவு உடைமையாளருடையது.

இதை ஏடுகளே சொல்லுமே, தோண்டுவானேன்? ஏடுகளில் நிலமும் வாடகையும் இருக்கும். குடியானவர் வீடு இருக்காது. அந்த வீடுகளின் சுவர்கள் திரும்பத் திரும்பக் கட்டப்பட்டிருப்பதைக் கண்ட ஆய்வாளர்கள், அவை ஒரு தலைமுறைகூடத் தாங்காத குடிசைகள் என்றே முதலில் எண்ணினார்கள். பின்னர் தொல்லியலாளர் ஸ்டூவர்ட் ராத்மெல் அதை மறுத்தார்: கூரையின் பாரத்தைத் தாங்கியவை வளைந்த மரச்சட்டங்கள், சுவர் வெறும் மறைப்பு. அதைப் புதுப்பித்ததால் வீட்டையே புதிதாகக் கட்டினார்கள் என்று ஆகாது. கூட்டிக் கூட்டியே தரை குழிந்திருந்ததும், மண்ணில் சாவிகள் கிடைத்ததும் பராமரிப்புள்ள, பூட்டிப் பாதுகாக்கப் பொருளிருந்த வீடுகளையே காட்டுகின்றன. ஒண்டுக் குடிசை என்றால் தானாகக் காலியானது என்று நம்பிவிடலாம். இத்தகைய வீடுகளைக் காலி செய்ய ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும். அந்தப் பொறுப்பை நோயின் மேல் போட முடியாது.