பழுது நரம்பில், பயிற்சி தசைக்கு

கால் மரத்துப்போவதை மருத்துவரிடம் சொல்கிறவர்கள், கழிவறைக்குப் போய்ச் சேர்வதற்குள் உடை நனைந்துவிடுவதைச் சொல்வதில்லை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ள பெண்களில் பலர் வெட்கப்பட்டு மறைப்பது இதைத்தான். தண்ணீரைக் குறைத்துச் சமாளிக்கப் பார்ப்பார்கள். அதனால் சிறுநீர் அடர்ந்து, எரிச்சலும் அவசரமும் கூடுவதுதான் மிச்சம்.

இந்த நோயில் உடலின் எதிர்ப்பாற்றலே மூளை, தண்டுவட நரம்புகளின் மயலின் உறையை அரித்துவிடுகிறது. சிறுநீர்ப்பைக்கான கட்டளை மூளையிலிருந்து தண்டுவடத்தின் அடிவரை இறங்க வேண்டும். வழியில் எங்கே பழுதானாலும், பை நிறையும் முன்பே அதன் தசை சுருங்கத் தொடங்கிவிடலாம்.

பழுது நரம்பில் இருக்க, சிறுநீர்ப்பையைத் தாங்கும் இடுப்புத்தளத் தசையை இறுக்கும் பயிற்சியால் என்ன பயன்? நியாயமான கேள்வி. அந்தத் தசை இறுகும்போது தண்டுவடத்தின் அடிப்பகுதிக்கு ஒரு சேதி போகிறது. அங்கிருந்தே, மூளையைக் கேட்காமல், சிறுநீர்ப்பைத் தசையைத் தளர்த்தும் அனிச்சைச் செயல் நடக்கிறது. ஆகவே அவசரம் முட்டும்போது ஓடக்கூடாது. நின்று, நாலைந்து முறை சட்டென்று இறுக்கித் தளர்த்தி, உந்துதல் தணிந்த பிறகு நடக்க வேண்டும்.

அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948இல் இப்பயிற்சியைப் பற்றி எழுதியபோது, அவர் மனதில் இருந்தவர்கள் பிள்ளை பெற்ற பெண்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ள 30 பெண்களை வைத்து வட அயர்லாந்தில் செய்த ஆய்வு 2006இல் வெளியானது. ஒன்பது வார சிகிச்சையில் ஒரு குழுவுக்குப் பயிற்சி மட்டும். இன்னொன்றுக்குத் தசை இறுகுவதைத் திரையில் காட்டும் கருவியும் சேர்ந்தது. மூன்றாவதற்கு மின்தூண்டலும் கூட. அதிகப் பலன் கண்டது மூன்றாவது குழு. சிறிய ஆய்வுதான், ஆனாலும் உணர்ச்சி மங்கிய உடலில் சரியான தசையைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை என்பதால், அந்தப் பலன் எனக்கு வியப்பளிக்கவில்லை.

வாயு பிரியாமல் அடக்கும்போது உள்ளே இழுபடுவதுதான் அந்தத் தசை. மூச்சைப் பிடிப்பதும் வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்குவதும் தவறு. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகுவதும் வேண்டாம். களைப்பு இந்நோயின் கூடப்பிறந்தது. படுத்தபடி, காலைப்பொழுதில், கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம். பலன் தெரிய மூன்று மாதம்வரை ஆகலாம்.

தொடங்கும் முன் ஒரு சோதனை உண்டு. சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு தேங்குகிறது என்பதை ஸ்கேனில் பார்த்துவிட வேண்டும். சிலருக்குப் பை சுருங்கும் அதே நேரத்தில் சிறுநீர் வெளியேறும் வழியின் சுருக்குத்தசையும் இறுகிக்கொள்ளும். அவர்களுக்கு முதலில் தேவை, தேங்கியதை வெளியேற்றும் வழி. இறுக்கும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் பார்த்த பிறகே தொடங்கலாம்.