முதலில் நிற்பது அகலம்

"எல்லாப் பல்லும் விழுந்து முளைக்கட்டும், அப்புறம் கிளிப் போட்டுக்கலாம்." பிள்ளைக்குப் பல் நெருக்கி முளைத்தால் வீட்டில் யாராவது இப்படிச் சொல்வார்கள். பல் வரிசை மட்டும்தான் கோணல் என்றால் பெரும்பாலும் அது சரியான யோசனை. மேல்தாடையே குறுகலாக இருந்தால் சரியில்லை. தாடை வளர்ச்சியில் முதலில் முடிவது அகலம். அடுத்து நீளம், கடைசியில் உயரம்.

அண்ணத்தின் நடுக்கோடு

மேல்தாடை ஒரே எலும்பு அல்ல. இடமும் வலமுமாக இரண்டு எலும்புகள் அண்ணத்தின் நடுவில் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பில் புது எலும்பு சேரச் சேரத்தான் தாடை அகலமாகிறது. டென்மார்க்கின் பிர்டே மெல்சன் 1975-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இணைப்பின் போக்கைக் காட்டியது: கைக்குழந்தைப் பருவத்தில் எளிமையாக இருக்கும் இணைப்பு, பள்ளி வயதில் நெளிநெளியாகிறது, பதின்வயதில் கைவிரல்களைக் கோத்தாற்போல் இறுகிவிடுகிறது.

கீழ்த்தாடை இன்னும் அவசரக்காரன். பிறக்கும்போது இரண்டாக இருக்கும் அது, முதல் பிறந்தநாளுக்குள் நடுவில் ஒட்டிவிடும். கீழ்க் கோரைப்பற்களுக்கு இடையிலான தூரம் ஒன்பது, பத்து வயதுக்குமேல் ஏறக்குறைய கூடுவதே இல்லை.

எலும்புக்குள் ஊசி

ஒரே பிள்ளையின் இரண்டு எக்ஸ்ரே படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் வளர்ச்சி தெரிந்துவிடாதா? தெரியாது. எலும்பின் மேற்பரப்பு ஒருபக்கம் கரைந்து மறுபக்கம் சேர்ந்துகொண்டே இருப்பதால், அசையாத புள்ளி என்று எதையும் பிடிக்க முடியாது. கோபன்ஹேகனில் ஆர்னே பியோர்க் 1950-களில் இதற்கு வழி கண்டார். டாண்டலம் உலோகத்தில் செய்த மிகச் சிறிய ஊசிகளைக் குழந்தைகளின் தாடை எலும்பில் பதித்து, ஆண்டுக்கணக்கில் படம் எடுத்தார். இணைப்பின் இருபுறமும் உள்ள ஊசிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் தூரமே அகல வளர்ச்சியின் அளவு. அவரும் சக ஆய்வாளர் ஸ்கீலரும் 1977-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அண்ணத்தின் இணைப்பு முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு விரிகிறது.

நோயில்லாத பிள்ளைகளை வெறும் ஆய்வுக்காக இப்படிக் கதிர்வீச்சுக்கு உட்படுத்துவதை இன்று எந்த நெறிமுறைக் குழுவும் ஏற்காது. அதனால்தான் அந்தக் காலத்துப் படங்களுக்கு இன்றும் மதிப்பு.

எந்தப் படம் எதற்கு?

பல் மருத்துவமனைகளில் வழக்கமாக எடுக்கும் ஓ.பி.ஜி. (இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே), முளைக்காத பற்களைக் காட்டும். அகலத்தை அளக்க உதவாது. பக்கவாட்டு அளவுகள் அதில் சீரற்றுப் பெரிதாகும். நேர்முக எக்ஸ்ரே ஓரளவு உதவும். சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண ஸ்கேனில் நடு இணைப்பையே பார்த்துவிடலாம். 2013-இல் 140 பேரின் ஸ்கேன்களை வைத்து அதன் முதிர்ச்சியை ஆய்வாளர்கள் ஐந்து நிலைகளாகப் பிரித்தார்கள். சில சிறுமிகளுக்குப் பதினொரு வயதைத் தாண்டியதுமே அது ஒட்டத் தொடங்கியிருந்தது. ஆக, வயதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

அதற்காக எல்லாப் பிள்ளைக்கும் ஸ்கேன் என்பது என் பார்வையில் வீண் வேலை. பல் அச்சும் வாய்ப் பரிசோதனையுமே பலருக்குப் போதும்.

வீட்டில் என்ன பார்ப்பது?

கீழ் முன்பல் பால்பல்லுக்குப் பின்னால் முளைத்தால் பதற வேண்டாம். பால்பல் விழுந்ததும் பெரும்பாலும் நாக்கே அதை முன்னே தள்ளிவிடும். கவனிக்க வேண்டியவை வேறு. கடிக்கும்போது மேல் கடைவாய்ப்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே விழுகின்றனவா? வாயை மூடும்போது தாடை ஒருபக்கம் நழுவுகிறதா? நான்கு வயதுக்குப் பிறகும் விரல் சூப்புகிறதா? எப்போதும் வாயைத் திறந்தே தூங்குகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் ஏழு வயதுக்குள் பல் சீரமைப்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

குறுகலான தாடையை விரிக்க, அண்ணத்தில் திருகு வைத்த கருவியைப் பொருத்துவார்கள். மருத்துவர் சொன்ன கணக்குப்படி பெற்றோர் சிறு சாவியால் திருக வேண்டும். ஒரு திருகலுக்குச் சுமார் கால் மில்லிமீட்டர். சில நாட்களில் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே சந்து விழும். பல அம்மாக்கள் பயந்துபோய் போன் செய்வது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் அது எலும்பு பிரிந்ததற்கான அடையாளம். சந்து தானாகவே மூடிக்கொள்ளும். மூடியதும் கருவியைக் கழற்றச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். பிரிந்த இடத்தில் புது எலும்பு நிரம்ப மாதக்கணக்காகும். அதுவரை கருவி வாயிலேயே இருக்க வேண்டும்.