மண் பாதுகாப்பில் அரசும் ஊரவரும்

ஒரு நாட்டின் செல்வங்களுள் மண்ணே தலையாயது. பொன்னும் நிலக்கரியும் அகழுந்தோறும் குறையுமென்பதை யாவரும் அறிவர்; மண்ணும் அவ்வாறே குறைவுறுமென்பதை மக்கள் எளிதில் உணர்வதில்லை. மழையிற் கழுவுண்டு போகும் மண், கண்ணுக்குப் புலனாகாத மென்படலமாகவே போகின்றது. அதன் இழப்புப் பல்லாண்டு கழிந்த பின்னரே விளைச்சலிற் புலப்படுகின்றது. அன்றியும், ஓடும் நீர் வேலிகளை மதிப்பதில்லை. மேட்டு நிலத்தான் செய்யும் தவறு பள்ள நிலத்தானின் வயலைப் பாழாக்கும். ஆதலின் மண்ணைப் பேணல் தனியொருவரால் முற்றுவிக்கத்தக்க செயலன்று. அரசாங்கத்தின் அறிவும் பொருளும் அதற்கு வேண்டும். ஆயின் அரசாங்கம் அவ்வேலையில் எங்ஙனம் இறங்குதல் வேண்டும்? ஆணையிட்டா, அன்றி ஊரவரின் இசைவைப் பெற்றா? ஐக்கிய அமெரிக்க நாட்டில் 1930 ஆம் ஆண்டுகளில் ஏறக்குறைய ஒரே காலத்து நடந்த இருவேறு முயற்சிகள் இவ்வினாவுக்கு விடை காண உதவுகின்றன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க அறிஞர் பலரிடையேயும் மண் அழிவற்றது என்னும் எண்ணமே நிலவிற்று. அந்நாட்டு மண் ஆய்வுப் பணியகம் 1909 இல் வெளியிட்ட நூலொன்றும் மண்ணைத் தீர்ந்துபோகாத உடைமையென்றே கூறியது. அப்பணியகத்தில் 1903 இற் சேர்ந்த ஹியூ ஹமண்ட் பெனற் என்பார் இக்கொள்கையை ஏற்றிலர். அவர் 1881 இல் வட கரோலினா மாநிலத்தின் அன்சன் கவுண்டியிற் கமக்காரக் குடும்பமொன்றிற் பிறந்தவர். கவுண்டி என்பது அங்குள்ள உள்ளூராட்சிப் பிரிவு. 1905 இல் வேர்ஜினியா மாநிலத்து லூயிசா கவுண்டியில் மண்ணாய்வு செய்தபோது, அடுத்தடுத்துக் கிடந்த இரு நிலங்களை அவர் ஒப்புநோக்கினார். காடாயிருந்த நிலத்தின் மண் மென்மையும் ஈரமும் உடையதாயிருந்தது. நெடுங்காலம் உழப்பட்ட நிலத்திலோ வன்களியே எஞ்சி நின்றது. மழைதோறும் படலம் படலமாக மேன்மண் நீங்கியமையே இவ்வேறுபாட்டிற்குக் காரணமென அவர் தெளிந்தார். 1928 இற் சப்பிளைன் என்பவரோடு சேர்ந்து, மண்ணரிப்பு நாட்டிற்கு நேர்ந்துள்ள பேராபத்து என்பதை விளக்கும் அறிக்கையொன்றை வெளியிட்டார்.

1933 இற் சனாதிபதி றூஸ்வெல்ற்றின் அரசாங்கம் மண்ணரிப்புச் சேவை என்னும் நிறுவனத்தை அமைத்துப் பெனற்றை அதன் தலைவராக்கிற்று. அதன் முதலாவது செய்துகாட்டும் வேலை விஸ்கொன்சின் மாநிலத்துக் கூன் கிறீக் வடிநிலத்தில் தொடங்கியது. அங்குள்ள கமக்காரர் அரசாங்கத்தோடு ஐந்தாண்டு உடன்படிக்கை செய்துகொண்டனர். மேலும் கீழுமாக உழுவதை விடுத்துச் சமவுயரக் கோடுகளின் வழியே உழுதல், தானியத்தையும் புல்லையும் பட்டி பட்டியாக மாற்றி விதைத்தல், செங்குத்தான சரிவுகளை மரங்களுக்கு விட்டுவிடுதல் என்பன அவர் ஏற்றுக்கொண்ட முறைகள். அரசாங்கம் வேண்டிய பொருள்களையும் ஆலோசனையையும் வேலையாட்களையும் உதவிற்று.

இதற்கிடையில், வறட்சியால் வாடிய நடுநாட்டுப் பெருஞ் சமவெளிகளிற் புழுதிப் புயல்கள் எழுந்தன. 1934 மே மாதத்தில் எழுந்த புழுதி நியூயோர்க், வாஷிங்ரன் ஆகிய கீழைக்கரை நகரங்களின் வானத்தையும் மறைத்தது. 1935 ஏப்பிரல் 14 ஆம் நாளின் புயல் பகலை இரவாக்கியமையால் அந்நாள் கறுத்த ஞாயிறு எனப் பெயர் பெற்றது. அறிஞரின் எழுத்தாற் கூடாதது புழுதியாற் கூடிற்று. அதே மாதம் 27 ஆம் நாள் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. விவசாயத் திணைக்களத்தின்கீழ் மண் பாதுகாப்புச் சேவை நிலைபெற்றது.

சட்டமும் பணமும் வந்தபின்னும் ஒரு தடை எஞ்சி நின்றது. செய்துகாட்டும் வேலைகள் சில இடங்களிலேயே நடந்தன. இலட்சக்கணக்கான கமங்களுக்கு அவை எங்ஙனம் பரவும்? தலைநகரிலிருந்து அனுப்பப்படும் உத்தியோகத்தர் ஒவ்வொரு கமக்காரனோடும் தனித்தனி உடன்படிக்கை செய்தல் இயலாது. நிலப் பயன்பாட்டை ஒழுங்குசெய்யும் அதிகாரமும் அமெரிக்க அரசியலமைப்பின்படி பெரும்பாலும் மாநிலங்களுக்கே உரியது. ஆதலின், விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த எம். எல். வில்சன், சட்ட அறிஞர் பிலிப் கிளிக் முதலியோர் மாதிரிச் சட்டமொன்றை ஆக்கினர். 1937 பெப்ரவரி 27 ஆம் நாள் றூஸ்வெல்ற் அதனை மாநில ஆளுநர்களுக்கு அனுப்பி, தத்தம் சட்டசபைகளில் நிறைவேற்றுமாறு வேண்டினார். ஆர்க்கன்சா மாநிலம் அடுத்த சில நாட்களிலேயே அவ்வாறு செய்தது. பத்தாண்டு முடியுமுன் ஏனை மாநிலங்களும் பின்தொடர்ந்தன.

அச்சட்டத்தின் அமைப்பு நுணுகி நோக்கத்தக்கது. நிலத்தைப் பயிரிடுவோர் இருபத்தைவர் மனுச் செய்தாலன்றி மண் பாதுகாப்பு மாவட்டம் ஒன்று தோன்றாது. மனுக் கிடைத்ததும் மாநிலக் குழு ஊரவரின் கருத்தைப் பொதுக்கூட்டத்திற் கேட்கும். பின்னர் நிலமுடையோரிடையும் பயிரிடுவோரிடையும் வாக்கெடுப்பு நடைபெறும். மாவட்டம் அமைந்ததும் அதன் அலுவல்களை ஐவர் கொண்ட குழு நடத்தும். அவருள் மூவர் ஊரவரால் தெரிவுசெய்யப்படுவர். இருவர் மாநிலக் குழுவால் நியமிக்கப்படுவர். வரி விதிக்கும் அதிகாரம் மாதிரிச் சட்டத்தின்படி மாவட்டத்துக்கு இல்லை. மாவட்டமும் விவசாயத் திணைக்களமும் ஒப்பந்தமொன்று செய்துகொள்ளும்; அதன்படி திணைக்களம் பயிற்சி பெற்ற உத்தியோகத்தரை மாவட்டத்துக்கு உதவும். அவரது சம்பளம் மத்திய அரசாங்கத்துடையது; அவர் எவ்வேலையை முன்னர்ச் செய்தல் வேண்டுமென்பதை வகுப்பது ஊரவரின் குழு. உதவி வேண்டும் கமக்காரன் அக்குழுவோடு உடன்பட்டுத் தன் கமத்துக்கெனத் திட்டமொன்றை இலவசமாகப் பெறுவான். அதாவது, அறிவு மேலிருந்து வந்தது. முடிவு கீழிருந்து எழுந்தது.

வட கரோலினாவின் பிறவுண் கிறீக் மாவட்டம் 1937 ஓகஸ்ட் 4 ஆம் நாள் அமைக்கப்பெற்று, நாட்டின் முதலாவது மண் பாதுகாப்பு மாவட்டமாயிற்று. அது பெனற் பிறந்த அன்சன் கவுண்டியில் அமைந்தது. மாவட்டங்கள் நீர் வடியும் எல்லைகளைத் தழுவுதல் வேண்டுமென்பது சட்டத்தை ஆக்கியோரின் விருப்பம். ஆயின் காலப்போக்கிற் பெரும்பாலானவை கவுண்டி எல்லைகளையே தழுவின. நீருக்கு வடிநிலமே எல்லையாயினும், கூடிப் பேசி வாக்களித்துப் பழகிய மனிதருக்குக் கவுண்டியே எல்லையாயிற்று. இயற்கையின் எல்லையை ஓரளவு விட்டுக்கொடுத்து மக்களின் ஒத்துழைப்பைப் பெற்ற செயல் இதுவாகும்.

இனி மற்றை முயற்சியை நோக்குவோம். நாட்டின் தென்மேற்கில், அரிசோனா, நியூ மெக்சிக்கோ, யூற்றா ஆகிய மாநிலங்களிற் பரந்துள்ளது நவஹோ மக்களின் ஒதுக்குநிலம். செம்மறியும் ஆடும் அவர்க்கு உணவும் உடையும் மாத்திரமல்ல. குடும்பத்தின் மதிப்பும் அவையே. மந்தைகளிற் பல பெண்களின் உடைமையாயிருந்தன. 1930 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திற் புல்வெளிகள் நலிந்து, ஆழ்ந்த நீரரிகள் தோன்றியமை உண்மையே. அவ்வண்டல் கொலொறாடோ ஆற்றில் அப்போது எழுந்துகொண்டிருந்த பேரணையின் நீர்த்தேக்கத்தைத் தூர்த்துவிடுமென அரசாங்கம் அஞ்சியது. அவ்வணை இன்று ஹூவர் அணை எனப்படுகின்றது. ஆதலின், அமெரிக்க இந்தியர் அலுவல்களின் ஆணையாளராயிருந்த ஜோன் கொலியர், மந்தைகளைக் குறைக்கும் திட்டத்தை 1933 முதல் நடத்தினார். பெனற்றின் சேவையும் அத்திட்டத்திற் பங்குகொண்டது.

நவஹோ மன்றத்தின் இசைவு பெறப்பட்டதெனினும், அது வற்புறுத்திப் பெற்ற இசைவே. பெருமந்தையுடையோர் நோஞ்சல் விலங்குகளைக் கொடுத்துத் தப்பினர். சிறுமந்தையுடையோர் பிழைப்பையே இழந்தனர். வாங்கிய ஆடுகளைத் தொலைவிலுள்ள புகையிரத நிலையங்களுக்கு ஓட்டிச்செல்ல இயலாமையால், பல உடையவரின் கண்முன்னே கொல்லப்பட்டு அழுகவிடப்பட்டன. 1936 இல் அந்நிலம் பதினெட்டு நில ஆட்சி மாவட்டங்களாக வகுக்கப்பட்டது. வடகரோலினாவில் மாவட்டம் என்பது ஊரவர் வேண்டிப் பெற்ற ஓர் அமைப்பு. ஈண்டோ அது அதிகாரிகள் வரைந்த கோடு. உறவினர் வழிவழி மேய்த்துவந்த இடங்களை அக்கோடுகள் ஊடறுத்தன. 1940 ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியளவில் மந்தைகள் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தன. எனினும் புல்வெளிகள் எதிர்பார்த்தவாறு தளிர்க்கவில்லை. தளிர்த்தது அரசாங்கத்தின்மீது வெறுப்பே. 1935 இற் கொலியர் கொணர்ந்த சுயாட்சிச் சீர்திருத்தச் சட்டத்தை நவஹோ மக்கள் வாக்கெடுப்பில் நிராகரித்தமைக்கும் இவ்வெறுப்பு ஒரு காரணமாயிற்று. மண் பாதுகாப்பு என்னும் சொல்லே அவரிடையே நெடுங்காலம் கசப்பான சொல்லாயிருந்தது.

இவ்விரு முயற்சிகளிலும் விஞ்ஞானம் ஒன்றே, ஆபத்தும் மெய்யே, உத்தியோகத்தரின் நோக்கத்தையும் தீயதென்று கூறல் பொருந்தாது. வேறுபட்டது வழி. வாக்குரிமையும் அரசியற் செல்வாக்குமுடைய கமக்காரரிடம் அரசாங்கம் இரந்து நின்றது. அவையற்ற மக்களிடம் கட்டளையிட்டது. இதனை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று.

மாவட்ட முறையும் குறையற்றதன்று. குழுக்களில் நிலவளம் மிக்கோரே பெரிதும் இடம்பெற்றனர். தென் மாநிலங்களிற் கறுப்பின மக்களும் குத்தகைக்காரரும் பெரும்பாலும் விலக்குண்டனர். நிலப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் விதிகளை ஆக்கும் அதிகாரம் மாதிரிச் சட்டத்தில் இருந்ததெனினும், சில மாநிலங்கள் அதனை நீக்கின. ஏனையவற்றிலும் அது அரிதாகவே பயன்பட்டது. அயலவன்மீது விதி விதிக்க அயலவன் துணியான் அன்றோ? விருப்பமுடையோர் வந்தனர், வாராதாரின் நிலத்தில் மண் கழுவுண்டது. 1950 ஆம் ஆண்டுகளில் வறட்சி மீண்டபோது புழுதியும் மீண்டது. அதனால் 1956 இற் பெருஞ் சமவெளிகளுக்கெனத் தனித்திட்டமொன்று சட்டமாயிற்று. 1985 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், மிகுதியாக அரிப்புறும் நிலத்தைப் பேணாது பயிரிடுவோர் அரசாங்க மானியங்களை இழப்பரென விதித்தது. அதன்பின் கமத்துக்கான திட்டம் விருப்பின்பாற்பட்டதாக மட்டும் இருக்கவில்லை. ஆயினும் அத்திட்டத்தை வகுக்க உதவுவோர் ஊரவர் ஏற்கெனவே அறிந்து பழகிய அதே மாவட்ட அலுவலகத்தினரே. அரசாங்கக் கணக்கின்படி, பயிர்நிலங்களின் ஆண்டு மண்ணிழப்பு 1982 இல் ஏறக்குறைய 300 கோடி தொன்னாயிருந்து, 2007 இல் ஏறக்குறைய 170 கோடி தொன்னாகக் குறைந்தது. இழப்பு நின்றுவிடவில்லை, எனினும் இக்குறைவு சிறிதன்று.

மண் பாதுகாப்புச் சேவை 1994 இல் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை எனப் பெயர் மாறியது. நீர், காடு, வனவிலங்கு முதலியனவும் அதன் அக்கறைக்குரியனவாயின. இன்று அந்நாட்டில் ஏறக்குறைய மூவாயிரம் பாதுகாப்பு மாவட்டங்கள் உள. அரசாங்கங்கள் மாறின, சேவையின் பெயரும் மாறிற்று, மாவட்டங்கள் நிலைத்தன. தாமே வேண்டிப் பெற்றதை மக்கள் எளிதிற் கைவிடுவதில்லை என்பதற்கு இது சான்று.

இவற்றால் அறியத்தக்கது யாது? இயற்கை வளத்தைக் காக்க விஞ்ஞானம் வேண்டும், பொருள் வேண்டும், சிலவேளை சட்டத்தின் கண்டிப்பும் வேண்டும். ஆயின் உத்தியோகத்தர் இன்று வருவர், நாளை மாற்றலாகிச் செல்வர். நிலத்தோடு என்றும் வாழ்பவர் ஊரவரே. அவர் மனமொப்பாவிடத்துக் கட்டப்பட்ட அணை காவலாள் நீங்கியதும் இடியும். அவர் மனமொப்பியவிடத்து இட்ட வரம்பை அவர் மக்களும் பேணுவர். அரசு வழிகாட்ட, ஊரவர் முடிவுசெய்ய, ஒருவரும் விலக்கப்படாது யாவரும் அம்முடிவிற் பங்குகொள்ள அமையும் ஒத்துழைப்பே மண்ணுக்கு அரணாகும்.