கரை பச்சையானால் ஆறு நலமா?

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் கொலராடோ ஆற்றங்கரை இன்று மரமும் புதருமாக அடர்ந்திருக்கிறது. முதன்முறை பார்ப்பவர் ஆறு செழிப்பாக இருப்பதாகவே நினைப்பார். ஆனால் 1889-90இல் ரயில் பாதைக்கு இடம் பார்க்கப் போன பொறியாளர் ராபர்ட் ஸ்டாண்டன் எடுத்த படங்களில், நீரோரம் பெரும்பாலும் வெறும் மணலும் பாறையும்தான். நூறாண்டு கழித்து ராபர்ட் வெப் என்ற ஆய்வாளரின் குழு, ஸ்டாண்டன் கேமரா வைத்த இடங்களையே தேடிப்பிடித்து மீண்டும் படமெடுத்தது. இரண்டையும் அருகருகே வைத்தால்தான் உண்மை புரிகிறது: அந்த வெறுமையே ஆற்றின் இயல்பு. ஆண்டுதோறும் பனி உருகி வந்த பெருவெள்ளம் இளஞ்செடிகளை அடித்துக்கொண்டு போய், புது மணலைக் கொட்டியது. 1963இல் கிளென் கேன்யன் அணை மூடப்பட்டதும் வெள்ளம் நின்றது. மேலிருந்து வந்த வண்டல் அணைக்குப் பின்னால் தங்கிவிட, கீழே குளிர்ந்த தெளிந்த நீர் ஓடி மணல் திட்டுகளை அரித்தது. வெள்ளம் விட்டுக்கொடுத்த இடத்தில் வெளிநாட்டுச் செடியான டாமரிஸ்க் உள்ளிட்டவை வேரூன்றின. பழைய வெள்ளக் கோட்டில், நம்மூர்ச் சீமைக்கருவேலத்துக்கு உறவான மெஸ்கீட் மரங்கள் புதுக் கன்றுகளுக்கு வழியின்றி நிற்கின்றன.

எங்கோ எப்போதோ எடுத்த சில படங்களை நம்பலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு படம் ஒரு நொடியைத்தான் காட்டும். ஆனால் இங்கே ஒப்பிடப்பட்டவை நூற்றுக்கணக்கானவை. இதே ஆற்றில் லீஸ் ஃபெர்ரி என்ற இடத்தில் 1921 முதல் நீரோட்டம் அளக்கப்படுகிறது. படமும் அளவும் ஒன்றையொன்று சரிபார்க்கின்றன. நிழலும் பறவையும் வந்தது நல்லதுதானே என்பது இதைவிடக் கடினமான கேள்வி. அருகிவரும் ஈப்பிடிப்பான் வகையொன்று டாமரிஸ்கிலும் கூடு கட்டுகிறது. ஆகவே அதையெல்லாம் வெட்டி எறிவதே தீர்வு என்று நான் சொல்லமாட்டேன். எதைக் கொடுத்து எதைப் பெற்றோம் என்று தெரிந்த பிறகே முடிவெடுக்க வேண்டும். அதைத் தெரிவிப்பது நெடுங்காலப் பதிவு மட்டுமே.

அந்தப் பதிவு அணையை இயக்கும் முறையையே மாற்றியிருக்கிறது. 1996இல் ஒரு வாரம் செயற்கை வெள்ளம் திறந்துவிட்டார்கள். மணல் திட்டுகள் உயர்ந்தன, ஆனால் விரைவிலேயே கரைந்தன. தொடர்ந்து அளந்ததால் காரணம் பிடிபட்டது: ஆற்றடியில் போதிய மணல் இருக்கவில்லை. அதனால் 2004இல், அணைக்குக் கீழே சேரும் பரியா என்ற துணையாறு மணல் கொண்டுவந்து சேர்க்கும்வரை காத்திருந்து மதகைத் திறந்தார்கள்.