பிளேஸ்மென்ட் லிஸ்ட்ல இல்லாத வேலை!

ஆப்டிட்யூட் புக், ஃபார்மல் ஷர்ட், ரெஸ்யூம்னு கேம்பஸே பரபரத்துக் கிடக்கு. எந்த கம்பெனி எவ்வளவு சம்பளம் தருதுங்கறது எல்லாருக்கும் அத்துப்படி. ஆனா, பின்தங்கின பள்ளிக்கூடங்களைத் தூக்கி நிறுத்துறதும் ஒரு கரியர்தான்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

‘ஓ... வாத்தியார் வேலையா?’னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க பாஸ்! பாடம் நடத்துறது இதுல ஒரு பகுதிதான். எந்தக் குழந்தை எங்கே தடுக்கி நிக்குதுன்னு கண்டுபிடிச்சு, அதுக்கேத்தபடி வகுப்பையும் பள்ளியையும் மாத்துறதுதான் முழு வேலை. நம்ம பாஷையில சொன்னா, டீபக்கிங்!

பக் எங்கே இருக்கு?

அஞ்சாம் வகுப்புப் பையன் ரெண்டாம் வகுப்புக் கதையை வாசிக்கத் திணறுறான். அவன் மக்கு இல்லை. அவனை விட்டுட்டுப் பாடப் புத்தகம் முன்னால போயிடுச்சு. வீட்ல சொல்லித்தர ஆள் இல்லை, டியூஷனுக்குக் காசும் இல்லை. ‘பிரதம்’ அமைப்பு 2005-ல் ஆரம்பிச்ச ‘அசர்’ ஆய்வு அளக்கறது இதைத்தான். கிராமங்கள்ல வீடு வீடாப் போய் எழுத்து, வார்த்தை, பத்தி, கதைனு ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியா வாசிக்கச் சொல்றாங்க.

தீர்வு? தினமும் கொஞ்ச நேரம் ‘எத்தனாவது படிக்கிறே?’ங்கறதை மறந்துட்டு, வாசிக்கிற நிலையை வெச்சுக் குழு பிரிச்சு சொல்லித்தர்றது. 2019-ல் பொருளாதார நோபல் வாங்கின அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் ஆராய்ச்சி பண்ணின முறை இது. நம்ம ஊர்ல 2022-ல் தொடங்கின ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்துல இந்த நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர்னு பேரு. அழகா இருக்குல்ல?

வகுப்பறைக்கு வெளியேயும் வேலை உண்டு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவுல முக்கால்வாசிப் பேர் பெற்றோரா இருக்கணும். கூலி வேலைக்குப் போற அம்மா, அந்தக் கூட்டத்துல தயங்காம எழுந்து ‘கழிப்பறைக்குத் தண்ணி வரலை சார்’னு கேட்கிற அளவுக்குத் தைரியம் கொடுக்கறதும் பள்ளி மேம்பாடுதான்.

எப்படி நுழையறது?

* டீச் ஃபார் இந்தியா ஃபெலோஷிப்: 2009-ல் மும்பை, புனேயில முதல் அணி இறங்குச்சு. பிறகு சென்னைக்கும் வந்துச்சு. 2 வருஷம் முழுநேர ஆசிரியர் வேலை, மாசா மாசம் உதவித்தொகை.

* எம்.ஏ. எஜுகேஷன்: பெங்களூரு அஸிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் மாதிரி இடங்கள்ல படிக்கலாம். ஆசிரியர் பயிற்சி, பாடத்திட்டம், தொண்டு நிறுவனம்னு பல பக்கமும் கதவு திறக்கும்.

* பி.எட். + டெட்: அரசுப் பள்ளியில பட்டதாரி ஆசிரியராகணும்னா இது அடிப்படைத் தகுதி.

வீட்ல என்ன சொல்வாங்க?

‘இதுக்கா லோன் போட்டு இன்ஜினீயரிங் படிக்க வெச்சோம்?’னுதான்! அது நியாயமான கேள்வி. சம்பளம் ஐ.டி. அளவுக்கு வராது. அரசுப் பள்ளியில படிச்சு, வீட்ல முதல் பட்டதாரியா வர்ற நண்பனுக்குத்தான் அந்தக் குழந்தையோட கஷ்டம் நல்லாப் புரியும். ஆனா, இ.எம்.ஐ.யும் அவன் தலையிலதான். அவனைப் போய் ‘தியாகம் பண்ணு’ன்னு சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. முதல்ல கடனை அடைச்சுட்டு, ரெண்டு மூணு வருஷம் கழிச்சு வர்றதும் சரியான வழிதான்.

அதுவரைக்கும் சனி, ஞாயிறு இருக்கே! கொரோனாவுக்குப் பிறகு 2021-ல் வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’யில மாலை நேரத்துல பாடம் சொல்லித்தந்தது, அந்தந்தத் தெருவுல இருந்த தன்னார்வலர்கள்தான். உங்க தெருவுலயும் ‘அரும்பு’ ஒண்ணு நிச்சயம் இருக்கும். ஒரு கதைப் புத்தகத்தோட போய்ப் பக்கத்துல உட்காருங்க. இந்த வேலை நமக்கு செட் ஆகுமான்னு ஒரே மாசத்துல தெரிஞ்சுடும்!