நிரல் நூலகத்துக்கு எந்த உரிமம்?

நிரல் நூலகம், அதாவது லைப்ரரி, தனித்து இயங்கும் மென்பொருள் அன்று; வேறொருவர் எழுதும் மென்பொருளினுள் சேர்ந்து இயங்குவதற்கென ஆக்கப்படும் நிரல்களின் தொகுப்பு. ஆதலால் அதற்கான உரிமத்தைத் தெரிவுசெய்பவர் தம் உழைப்புக்கு மட்டுமன்றி, தாம் அறியாத பலரின் உழைப்புக்கும் நிபந்தனை வகுக்கிறார். உரிமமே இன்றி வெளியிடுவதும் தாராளம் ஆகாது: இலங்கையின் 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பதிப்புரிமையின்கீழ்க் கொணர்வதால், அத்தகைய நிரலைப் படியெடுத்துத் தம் மென்பொருளில் சேர்க்கப் பிறருக்குப் பொதுவாக உரிமை கிடையாது.

உரிமங்களுள் மிக எளியது எம்ஐடி. எவரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். பதிப்புரிமைக் குறிப்பும் உரிம வாசகமும் மட்டும் நீக்கப்படாதிருக்க வேண்டும். சீகிரியாவின் கண்ணாடிச் சுவரில் ஓவிய மகளிரைப் பாடிய பழைய பயணியர் பலர், தம் கவிதையோடு பெயரையும் ஊரையும் பொறித்துச் சென்றனர். அவற்றுள் 685 பாடல்களை வாசித்துத் தொல்லியலாளர் பரணவிதான 1956-இல் பதிப்பித்தார். எம்ஐடி உரிமம் கேட்பதும் ஏறக்குறைய அவ்வளவே.

2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத் தேவைகளையும் பதிவுசெய்ய இலங்கைத் தன்னார்வலர்கள் உருவாக்கிய ‘சகானா’ எல்ஜிபிஎல் உரிமத்தில் வெளிவந்தது. சகானா நூலகம் அன்று, முழுமையான மென்பொருள். எனினும் நூலகங்களை மனத்திற்கொண்டே 1991-இல் வகுக்கப்பட்ட உரிமம் எல்ஜிபிஎல். நூலகத்தை மாற்றி விநியோகிப்பவர் அம்மாற்றங்களின் மூலநிரலை அதே உரிமத்தில் தரவேண்டும் என்றும், அதனைப் பயன்படுத்தும் மென்பொருளோ வேறு உரிமத்தில் இருக்கலாம் என்றும் அது வகைசெய்கிறது. இன்னும் கடுமையான ஜிபிஎல், நூலகத்தோடு இணைத்து விநியோகிக்கப்படும் முழு மென்பொருளும் அதே உரிமத்தின்கீழ் வரவேண்டும் என்கிறது. இவ்விரு உரிமங்களையும் வகுத்த குனு திட்டத்தினர் தம் சி நூலகத்துக்கு எல்ஜிபிஎல்லையும், கட்டளை வரிகளைத் திருத்த உதவும் ‘ரீட்லைன்’ நூலகத்துக்கு ஜிபிஎல்லையும் தெரிவுசெய்தது தற்செயல் அன்று: மாற்று நூலகங்கள் ஏற்கெனவே இருக்கையில் கடுமை பயனரை விரட்டும், தம்மிடம் மட்டுமே உள்ள வசதி ஒன்றை வழங்குகையில் அதே கடுமை பேரம்பேசும் வலுவாகும். சித்தாந்தம் எதுவாயினும், இக்கணக்கை நேர்மையாகப் போட்டுப் பார்ப்பவர் சிலரே.

காப்புரிமை (பேடன்ட்) வழக்குகளுக்கு அஞ்சும் நிறுவனங்கள் நாடுவது 2004-இன் அப்பாச்சி 2.0. பங்களிப்பவர் தம் பங்களிப்புக்கு இன்றியமையாத காப்புரிமைகளையும் பயன்படுத்த இசைவு தருகிறார். அம்மென்பொருள் தம் காப்புரிமையை மீறுகிறது என வழக்குத் தொடுப்பவர், அதில் தமக்குக் கிடைத்த காப்புரிமை இசைவை இழக்கிறார். 2005-இல் இலங்கையர் உள்ளிட்டோரால் தொடங்கப்பட்ட டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் தன் மென்பொருள்களை இவ்வுரிமத்தில் வெளியிட்டு, ஆதரவுச் சேவைகளை விற்றது.

தெரிவை ஒத்திப்போடுவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பங்களிப்பாளர் பெருகியபின் எல்ஜிபிஎல்லிலிருந்து எம்ஐடிக்கு மாற வேண்டுமாயின், உரிமையை முன்னரே ஒரு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்திராத பதிப்புரிமையாளர் ஒவ்வொருவரின் இசைவும் தேவை. பின்னாளில் பைத்தான் மொழியில் புதிதாக எழுதப்பட்ட ‘சகானா ஈடன்’ எம்ஐடி உரிமத்தில் வந்தது. அவ்வாறு புதிதாக எழுதாமல், பழைய நிரலை அப்படியே வைத்துக்கொண்டு உரிமத்தை மட்டும் மாற்ற முனைபவர், உரிமையை எழுதிக் கொடுக்காமல் கலைந்து சென்ற பங்களிப்பாளர்களை ஒவ்வொருவராகத் தேடிக் கையொப்பம் பெற வேண்டியிருக்கும்.