தொட்டியில் வளரும் இறாற்குஞ்சு

தீவகத்தாருக்கு இறாலைப்பற்றி எழுதுதல் கொல்லன் தெருவிலே ஊசி விற்பதை ஒக்கும். பண்ணைத் தாம்போதியால் வேலணைக்குச் செல்வோர், பரவைக்கடலில் நாட்டிய தடிகளையும் வலைகளையும் காணாது போவதில்லை. எனினும் அவ்வலையில் வீழும் இறால் எங்கே பிறந்தது என வினவின், நம்மிற் பலர் அப்பரவைக்கடலையே காட்டுவர். அது தவறு. தாயிறால் வெளிக்கடலில், இரவு வேளையில், இலட்சக்கணக்கான முட்டைகளை நீரிலே சொரிந்துவிடும். நண்டைப்போல வயிற்றிற் சுமப்பதில்லை. குஞ்சுகளே பின்னர் கடற்புல் நிறைந்த ஆழமற்ற நீரை நாடி வந்து வளர்கின்றன.

இவ்வரலாற்றைத் தொட்டிக்குள் நிகழ்த்திக் காட்டியவர் யப்பானிய அறிஞர் பூசினாகா. அவர்தம் ஆராய்ச்சி நூல் 1942 இல் வெளிவந்தது. நாம் கறுப்பிறால் என்னும் இனத்தின் குஞ்சுகளைத் தைவானில் இலியாவோ என்பார் 1968 இல் வளர்த்தெடுத்தார்.

முட்டை பொரிக்க ஒரு நாள்கூட வேண்டியதில்லை. முதற்பருவக் குடம்பி தன் கருவூணையே உண்டு இரண்டு நாள்வரை கழிக்கும். அதன்பின்னரே தொல்லை தொடங்குகிறது. இரண்டாம் பருவக் குடம்பிக்குக் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி வேண்டும். ஆகவே இறால் வளர்ப்போர் முதலிற் பாசி வளர்ப்போராதல் வேண்டும். பாசி குறையின் குடம்பி பட்டினியால் மடியும். மிகின் நீர் கெடும். மூன்றாம் பருவத்தில் உயிருணவு தேவை. இதற்கு உதவுவது உப்பளங்களில் வாழும் ஆட்டீமியா என்னும் சிற்றுயிர். இதன் முட்டை உலர்ந்த தூளாக ஆண்டுக்கணக்கிற் கிடந்தாலும், உப்புநீரிலிட்டால் ஏறக்குறைய ஒரு நாளிற் பொரித்துவிடும். தகரத்தில் அடைத்து விற்கும் உயிர் வேறுண்டோ, அறியோம்!

பத்துப் பன்னிரண்டு நாளில் இறாலின் வடிவம் தோன்றும். அப்பொழுதும் கவலை ஒழியாது. ஓடு கழற்றிய மெல்லுடற் குஞ்சை ஓடுடைய குஞ்சு தின்றுவிடும். எஞ்சிய தீனும் கழிவும் அமோனியாவாகி நஞ்சாகும். எனவே இடைவிடாது காற்றூட்டலும், அடியிற் படிந்ததை உறிஞ்சியகற்றலும், நீர் மாற்றலும் நாளாந்தக் கடமைகள். நீரின் வெப்பம் 28 முதல் 30 பாகை வரை இருத்தல் நன்று. குளிர்நாட்டார் பொருள் செலவிட்டுப் பெறும் இவ்வெப்பத்தை நமக்குச் சூரியன் இலவசமாக அளிக்கிறான். ஆனால் அவனே கோடையிற் பரவைக்கடலைக் கடலினும் உவர்ப்பாக்கிவிடுகிறான். அந்நீரை அப்படியே தொட்டிக்கு எடுத்தலாகாது.

தாய் சினைப்படத் தாமதிப்பின், அதன் ஒரு கண்ணின் காம்பை அகற்றுவதும் வழக்கம். சினையைத் தடுக்கும் சுரப்பு அங்கேயே உண்டாகிறது. எழுதுவதற்கும் எமக்கு இது உவப்பாயில்லை.

தொட்டி வேறு, பண்ணைக் குளம் வேறு என்பதை நம்மவர் மறத்தலாகாது. புத்தளம், சிலாபப் பகுதிகளில் 1996 இற் பரவிய வெண்புள்ளி நோயாற் பல பண்ணைகள் பாழாயின. நமக்கோ அதனினும் பெரிய அச்சமுண்டு. வேலணையின் நன்னீர், சுண்ணக்கல்லினிடையே உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதப்பது. தோட்டங்களினருகே குளம் வெட்டி உவர்நீர் நிரப்பின் முதலிற் கெடுவது கிணறே. அடைத்துக் கட்டிய சீமெந்துத் தொட்டியில் அவ்வாபத்து மிகக் குறைவு. கழிவுநீரையும் தேக்கித் தூய்தாக்கியே வெளிவிடலாம்.

மண்டபத்திலுள்ள இந்திய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார், தொட்டியில் வளர்த்த இறாற்குஞ்சுகளைப் பாக்கு விரிகுடாவிற் கொண்டுசென்று விட்டதுமுண்டு. அக்கடலின் இக்கரையிலேயே நாமும் வலை விரிக்கின்றோம். அவற்றுள் ஒன்றேனும் நம்மவர் கூடைக்கு வந்ததோ, யாரறிவார்!